மதர்போட் போகவில்லை, டீச்சர்

கேள்வி: நான் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு தொடர்மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. 2017இல் வாங்கிய மேசைக் கணினி ஒன்று வீட்டில் இருக்கிறது. சில மாதங்களாக அதனுடன் பெரும்பாடு. காலையில் போட்டால் திகதி 2016 ஜனவரி என்று காட்டுகிறது. வங்கியின் இணையத்தளத்துக்குப் போனால் பாதுகாப்பற்ற இணைப்பு என்று தடுக்கிறது. டொரன்டோவிலுள்ள பேத்தியுடன் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கையில் தானாகவே அணைந்துவிடுகிறது. திறப்பதற்கே பத்து நிமிடம் எடுக்கிறது. பெறாமகன் வந்து விண்டோஸை மீண்டும் பதிந்து தந்தார். வேகம் கூடவில்லை, மாறாக, காலமான என் கணவர் தட்டச்சுச் செய்து வைத்திருந்த எங்கள் ஊர்க் கோயில் வரலாறு முழுவதும் இப்போது ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிகிறது. வைரஸ் என்கிறார்கள். காலி வீதியில் ஒரு கடையில் காட்டியபோது, "மதர்போட் போய்விட்டது, புதிதாக வாங்குங்கள்" என்றார்கள். ஒருமுறை திரை முழுவதும் நீலமாகி, மைக்ரோசொப்ட் என்ற பெயரில் ஒரு தொலைபேசி இலக்கத்தைக் காட்டிச் சத்தமிட்டது. பயந்துபோய் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். மற்றப்படி, இரவில் சுவரிலுள்ள சுவிச்சை அணைத்துவிட்டே படுப்பேன், கவனமாகத்தான் பாவிக்கிறேன். புதியது வாங்கத்தான் வேண்டுமா?

பதில்:

மதிப்புக்குரிய டீச்சர்,

வாங்க வேண்டாம், இப்போதைக்கு நிச்சயமாக வேண்டாம். உங்கள் கடிதத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து கோளாறுகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே பெட்டிக்குள் ஒரே காலத்தில் வந்து சேர்ந்ததால் கடைக்காரர் அனைத்துக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிட்டார். மதர்போட், அதாவது கணினியின் பாகங்களெல்லாம் பொருந்தும் தாய்ப்பலகை, என்பது அவர்களுக்கு வசதியான பெயர். அதைச் சொன்ன பிறகு யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. எந்தச் சோதனையைச் செய்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்ததாகவும் இல்லை.

திருத்த வேலையைத் தொடங்குமுன் ஒரு காரியம். கோயில் வரலாறு இருக்கும் கோப்புறையை இன்றே ஒரு பென் டிரைவில் பிரதி எடுங்கள். எழுத்துகள் கண்டபடி தெரிந்தாலும் பரவாயில்லை, அப்படியே எடுங்கள். திறந்து திருத்திச் சேமிக்க வேண்டாம். வேர்ட் கோப்புகள் மிகச் சிறியவை. 8 ஜிபி பென் டிரைவில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் அடங்கிய பின்னும் இடம் மிஞ்சும். காலையில், கணினி சூடேறுமுன் எடுத்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இன்னொரு பென் டிரைவில் இரண்டாவது பிரதியும் வேண்டும். அது உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. பெறாமகன் வீட்டில் இருக்கட்டும். பழுதுபார்க்கக் கொடுத்த கணினி உள்ளே ஒன்றுமில்லாமல் துடைத்தெடுத்தாற்போல் திரும்பி வருவது எங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பது. ஏன் என்று கேட்டால், போர்மட் செய்யாமல் முடியாது என்பார்கள். அவர்களுக்கு அது ஒரு மணித்தியால வேலை. உங்களுக்கு அது ஒரு மனிதரின் பல வருட உழைப்பு.

இனித் திகதி விஷயம். மதர்போட்டில் நாணய வடிவில் ஒரு பற்றரி பொருத்தியிருப்பார்கள். அதற்கு சி.ஆர். 2032 என்று பெயர். 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு என்பதால் அந்த எண். மின்சாரம் இல்லாத நேரத்தில் கணினியின் கடிகாரத்தை ஓட வைப்பது இதுதான். ஏறத்தாழ ஐந்து வருடம் உழைக்கும். 2017இல் போட்ட பற்றரியே இன்னமும் உள்ளே இருக்கிறதென்றால் அது தன் கடமையை முடித்துவிட்டது.

கவனமாகப் பாவிப்பதற்குச் சான்றாக நீங்கள் எழுதியிருக்கும் அந்தச் சுவிச் பழக்கம்தான் இதைக் காட்டிக்கொடுக்கிறது. சுவர் சுவிச் போட்டிருக்கும்வரை, கணினியை நிறுத்தி வைத்திருந்தாலும், கணினிக்கு மின்சாரம் வழங்கும் பவர் சப்ளையிலிருந்து சிறிதளவு மின்சாரம் மதர்போட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். கடிகாரம் அதிலேயே ஓடும். சுவிச்சை அணைத்தால் விடியும்வரை பற்றரி தனியே தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்கு இப்போது அவ்வளவு பலமில்லை. ஆகவே, இடி மின்னல் இல்லாத ஓர் இரவில் சுவிச்சை அணைக்காமல் விட்டுப் பாருங்கள். மறுநாள் காலையில் திகதி சரியாக இருந்தால் பற்றரிதான் பிரச்சினை என்பது உறுதி. இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. கடையில் மல்டிமீற்றர் இருந்தால் அளந்து பார்க்கவும் சொல்லலாம்: புதிய பற்றரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.7க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

வங்கித் தளம் உங்களைத் தடுப்பதும் இதனால்தான். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு. அது எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை செல்லும் என்று அதிலேயே குறித்திருக்கும். உங்கள் கணினி 2016இல் வாழ்கிறது. வங்கியின் சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவே பிரவுசர் அதை நம்ப மறுக்கிறது. மறுப்பதே சரி. அப்படியான எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் பொத்தானை வங்கித் தளத்தில் ஒருபோதும் அழுத்தாதீர்கள். திகதியைத் திருத்திவிட்டு மீண்டும் போங்கள். நேர வலயத்தையும் ஒருமுறை பாருங்கள். விண்டோஸ் பட்டியலில் நமக்குரியது ஸ்ரீ ஜயவர்தனபுர என்ற பெயரில் இருக்கும். புதிதாக விண்டோஸ் பதிபவர்கள் பலர் அதை அமெரிக்க நேரத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இந்தப் பற்றரி கைக்கடிகாரக் கடைகளிலும் கிடைக்கும், விலையும் சொற்பம். பிளக்கைக் கழற்றி, பக்கத் தகட்டைத் திறந்து, பற்றரியின் ஓரத்திலுள்ள சிறு கொளுக்கியைத் தள்ளினால் தானே மேலெழும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வையுங்கள். முதல் தடவை போடும்போது எஃப் 1 விசையை அழுத்தச் சொல்லி ஒரு கறுப்புத் திரை வரலாம், பயப்பட ஒன்றுமில்லை. பற்றரி மாற்றினால் கணினியின் அடிப்படை அமைப்புகள் அழிந்துவிடும் என்று யாராவது மிரட்டினால், அவை தினமும் காலையில் அழிந்துகொண்டுதான் இருக்கின்றன, அப்படியிருந்தும் கணினி திறக்கிறது என்று சொல்லுங்கள்.

சுவிச்சை அணைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் பின்னேர வேளைகளில் விழும் இடிக்கு அது நல்ல காப்பு. இடிக்காலத்தில் சுவிச்சோடு நிற்காமல் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். உங்கள் இணைய இணைப்பு பழைய செப்புத் தொலைபேசிக் கம்பியில் வருகிறதென்றால் ரவுட்டரின் கம்பியையும் கழற்றுங்கள். பலரும் கணினியைக் காப்பாற்றி, தொலைபேசி வழியாக வந்த மின்னலுக்கு ரவுட்டரைப் பலி கொடுக்கிறார்கள்.

அடுத்தது தானாக அணைவது. பேத்தியுடன் பேசும்போது இது நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதம் எழுதும்போதோ செய்தி வாசிக்கும்போதோ நடப்பதாக எழுதவில்லை. வீடியோ அழைப்பு கணினியின் மூளையான பிராசசருக்குக் கடும் வேலை. உங்கள் முகத்தைப் படமெடுத்துச் சுருக்கி அனுப்பிக்கொண்டே, அங்கிருந்து வரும் படத்தை விரிக்கவும் வேண்டும். வேலை கூடினால் சூடு கூடும். சூடு 100 பாகை செல்சியஸை அண்மித்தால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் எரிந்துபோகாமல் இருப்பதற்காகச் சட்டென்று நின்றுவிடும். அது ஒரு தற்காப்பு. அதைப் பழுது என்று சொல்வது அநியாயம்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரைத் தொடர்மாடிகளிலிருந்து எங்களிடம் வரும் கணினிகளைத் திறந்தாலே தெரியும். உப்புக்காற்று ஈரத்தை இழுக்கும். ஈரத்தில் தூசி ஒட்டும். பிராசசரின் மேலே நிற்கும் மின்விசிறியைக் கழற்றினால், அதன் கீழேயுள்ள அலுமினியத் தகடுகளுக்கு இடையில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துணிபோல ஒன்று படிந்திருக்கும். விரலால் நுனியைப் பிடித்து உரித்தால் முழுத் துண்டாகவே வரும். காற்று உள்ளே போக வழியே இருந்திராது. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும், சத்தமும் பெரிதாகக் கேட்கும்.

சூடா, பவர் சப்ளையா என்று அறிய இலகுவான வழி உண்டு. அணைந்தவுடனேயே பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே திறந்து, மறுபடியும் வெகுநேரம் ஓடினால் பவர் சப்ளையையோ வீட்டு மின்சாரத்தையோ சந்தேகிக்க வேண்டும். திறந்த சில நிமிடங்களிலேயே மீண்டும் அணைந்து, கால் மணித்தியாலம் ஆறவிட்ட பிறகு ஒழுங்காக ஓடினால் சூடுதான். உங்கள் கணினி இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன். துப்புரவு செய்பவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். மெல்லிய தூரிகையால் தட்ட வேண்டும், வீட்டு வெக்யூம் கிளீனரைப் பயன்படுத்தக் கூடாது. காற்று ஊதும்போது மின்விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிராசசருக்கும் அந்த அலுமினியத் துண்டுக்கும் இடையிலுள்ள வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகப் போட வேண்டும்; அது இத்தனை வருடத்தில் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். கணினியைச் சுவரோடு ஒட்டி, மேசைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால் வெளியே எடுத்து வையுங்கள்.

கடைக்காரர், விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்து, கேர்னல் பவர் 41 என்ற வரியைக் காட்டி இதோ சாட்சி என்று சொல்லக்கூடும். அந்த வரி சொல்வதெல்லாம் கணினி முறைப்படி நிறுத்தப்படாமல் அணைந்தது என்பதை மட்டுமே. நீங்கள் பிளக்கைப் பிடுங்கிய அன்றும் அதே வரி பதிந்திருக்கும். மதர்போட் உண்மையாகவே போயிருந்தால் பெட்டிக்குள் அடையாளம் தெரியும்: உச்சி வீங்கிய மின்தேக்கிகள், முனைகளில் பச்சையாகப் பூத்த உப்பு, புதிய பற்றரி போட்டும் நிற்காத திகதி. இவற்றில் ஒன்றைக் கண்ணால் காட்டினால் நம்பலாம்.

மின்சாரம் நின்றாலும் கணினியைச் சற்று நேரம் ஓட வைக்கும் பற்றரிப் பெட்டியான யூ.பி.எஸ். இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. ஒன்று வாங்குவது நல்லது. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை போன மின்வெட்டு இப்போது இல்லைதான். ஆனால் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். குரங்கை நம்பி ஹார்ட் டிஸ்க்கை வைத்திருக்க முடியாது. பழைய யூ.பி.எஸ். யாரிடமாவது வாங்கினால் அதன் பற்றரியைப் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

மெதுவாக இயங்குவதற்கு வருவோம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் டிஸ்க் என்ற நிரல் ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே 100 வீதத்தில் நின்றால் காரணம் ஹார்ட் டிஸ்க். 2017இல் விற்ற மேசைக் கணினிகள் பலவற்றில் சுழலும் தட்டுள்ள பழைய வகைதான் இருந்தது. இன்றைய விண்டோஸுக்கு அது ஈடுகொடுக்காது. விண்டோஸை மீண்டும் பதிந்தும் வேகம் கூடாததற்கு இதுவே காரணமாக இருக்கும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. அது நீல நிறம் காட்டினால் டிஸ்க் நலமாக இருக்கிறது. மஞ்சளோ சிவப்போ காட்டினால், அல்லது உள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால், அதைத் தொடர்ந்து பாவிக்காதீர்கள். எப்படியானாலும், சுழலும் தட்டில்லாத வேகமான வகையான எஸ்.எஸ்.டி. ஒன்றை 240 அல்லது 256 ஜிபி அளவில் போட்டு விண்டோஸை அதில் பதியச் சொல்லுங்கள். நினைவகம் 4 ஜிபிதான் என்றால் 8 ஆக்குங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினால் இரண்டும் கிடைக்கும். உத்தரவாதச் சீட்டில் தொடர் இலக்கம் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பத்து நிமிடம் எடுத்த கணினி ஒரு நிமிடத்துக்குள் திறக்கும்.

என்றாவது ஒருநாள் புதியது வாங்கத்தான் வேண்டும், ஆனால் அதற்குக் காரணம் வேறு. விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. இன்டெல் பிராசசர்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும். 2017இல் வாங்கியது பெரும்பாலும் ஆறாம், ஏழாம் தலைமுறையாகவே இருக்கும். வீட்டுக் கணினிகளுக்கான நீடிப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 ஒக்டோபர் 13வரை திருத்தங்கள் வரும். அதன் பின்னர் வங்கி வேலையைத் தொலைபேசிச் செயலிக்கு மாற்றிவிட்டு, இந்தக் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு எழுத்துக்கும் பேத்திக்கும் வைத்துக்கொள்ளலாம். நான் அதைத்தான் செய்வேன்.

நீலத் திரை வந்தபோது பிளக்கைப் பிடுங்கியது தப்பில்லை. மைக்ரோசொப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி இலக்கம் இருக்காது. அது வெறும் இணையப் பக்கம், உங்கள் கணினிக்குள் எதுவும் நுழைந்துவிடவில்லை. அடுத்த முறை வந்தால் எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள், அல்லது ஆல்ட்டுடன் எஃப் 4ஐ அழுத்தி மூடுங்கள். அந்த இலக்கத்துக்கு அழைத்து யாரையாவது கணினிக்குள் விட்டிருந்தால் கதை வேறு. அப்போது முதல் வேலை வங்கிக்கு அறிவிப்பது.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த கோளாறு. கோயில் வரலாற்றை வைரஸ் தின்னவில்லை. ஒரு கோப்பைத் திறந்து, குழம்பிக் கிடக்கும் வரியில் சுட்டியை வைத்துக்கொண்டு, மேலே எழுத்துருவின் பெயர் தெரியும் சிறு பெட்டியைப் பாருங்கள். பாமினி என்று இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயரை வேர்ட் மறப்பதில்லை. இலங்கையில் அச்சகங்களும் பத்திரிகைகளும் ஆசிரியர்களும் பல வருடம் பாமினியில்தான் தட்டச்சுச் செய்தார்கள். அந்த எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள். ஜே என்ற எழுத்தின் இடத்தில் த. கே இடத்தில் ம. பீ இடத்தில் இகரக் குறி. ஓ இடத்தில் ழ. அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யின் புள்ளி. உங்கள் கணவர் தமிழ் என்று அடித்த ஒவ்வோரிடத்திலும் இப்போது ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்று சின்ன எழுத்தில் வரிசையாக நிற்கும். தேடிப் பாருங்கள், முதல் பக்கத்திலேயே அகப்படும்.

பெறாமகன் விண்டோஸை மீண்டும் பதிந்தபோது அதனுடன் இருந்த எழுத்துருக்கள் போய்விட்டன. கோப்புகள் வேறு பகுதியில் இருந்ததால் தப்பின. பாமினி எழுத்துருக் கோப்பு அச்சகம் வைத்திருக்கும் எவரிடமும் இருக்கும். வாங்கி, அதன்மீது வலது பொத்தானை அழுத்தி நிறுவுங்கள். வேர்டை மூடித் திறந்தால் அத்தனையும் தமிழாக நிற்கும். அதற்குமுன் யாராவது முழுவதையும் தெரிவுசெய்து விண்டோஸின் தமிழ் எழுத்துருவான லதாவுக்கோ வேறு எழுத்துருவுக்கோ மாற்றிப் பார்க்கலாம் என்றால் விடாதீர்கள். லதாவில் அந்த இடங்களில் ஆங்கில எழுத்துதான் இருக்கிறது. பயனுமில்லை, எது பாமினி எது ஆங்கிலம் என்ற தடயமும் அழிந்துபோகும்.

தமிழாகத் தெரிந்ததும் ஒவ்வொரு கோப்பையும் பி.டி.எஃப். ஆகவும் சேமியுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே அடங்கிவிடும். இனி எந்தக் கணினியிலும் கணவர் அமைத்த பக்கம் அப்படியே இருக்கும். பிறகு, தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி இடமுள்ள இன்றைய பொது முறையான யூனிகோடுக்கு மாற்றலாம். என்.எச்.எம். கன்வேர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் பாமினியை அறியும். மாற்றிய பிறகு உங்கள் ஆசிரியக் கண் தேவைப்படும். பாமினியில் ஔகாரக் குறியும் ளகரமும் ஒரே விசைதான். ஆகவே கௌரி என்றிருந்தது ஒற்றைக்கொம்பும் ககரமும் ளகரமும் தனித்தனியாகக் கெளரி என்று வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் மட்டும் அகப்படாது. கோயில் வரலாற்றில் கௌரிகளும் சௌந்தரங்களும் குறைவாக இருக்காது. இடையே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழ்க் குப்பையாக மாறியிருக்கும்; அவற்றைப் பழைய கோப்பைப் பார்த்துக் கையால் திருத்த வேண்டும்.

கோப்புகளில் சில வேர்டில் திறக்கவே மறுத்தால், பெயரின் முடிவைப் பாருங்கள். பீ.எம்.டி. அல்லது பீ 65 என்று முடிந்தால் அவை பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தவை. அவற்றோடு வீட்டில் போராட வேண்டாம். பேஜ்மேக்கர் இன்னமும் ஓடும் கணினி பழைய அச்சகங்களில் இருக்கிறது. பென் டிரைவின் இரண்டாவது பிரதியை மட்டும் கொண்டுபோய், பி.டி.எஃப். ஆக எடுத்துத் தரச் சொல்லுங்கள்.